மொட்டை மாடிக்கு சேர், சோஃபா வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்காதீங்க, வருஷக் கணக்கைப் பாருங்க!



மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ், வீட்டுக்கடன்னு பேசிட்டு இருக்கிற இடத்துல இன்னைக்கு என்ன திடீர்னு மொட்டை மாடி சேர்னு நினைக்கிறீங்களா? காரணம் இருக்குங்க. இந்த ஒரு விஷயத்துல நான் இரண்டு தடவை பணத்தை விட்டிருக்கேன். முதல் தடவை பணம் மட்டும் போச்சு. இரண்டாவது தடவை அப்பாவோட கை முறிஞ்சது.

வீட்டுக்கு வெளியில போடுற சேர், பெஞ்ச், ஊஞ்சல், சோஃபா இதெல்லாம் எப்படிப் பார்த்து வாங்கணும், வாங்கினதை எப்படிப் பராமரிக்கணும், உண்மையில அதோட செலவு எவ்வளவுன்னு எப்படிக் கணக்குப் போடணும் என்பதை இந்தப் பதிவில் முழுசா பார்க்கலாம். வீடியோவுல சொல்லாத கணக்கையும் இங்கே சேர்த்திருக்கேன். பேப்பர், பேனா எடுத்துக்கிட்டா இன்னும் நல்லது.

நான் செய்த இரண்டு தவறுகள்

2021-ல கிரகப்பிரவேசம் முடிஞ்ச கையோட மொட்டை மாடிக்கு ஒரு சோஃபா செட் வாங்கினோம். பார்க்க பிரம்பு மாதிரி பின்னல், உள்ளே இரும்பு ஃப்ரேம், மேலே வெள்ளை மெத்தை. விலை 24,000 ரூபாய். "நோ காஸ்ட் இ.எம்.ஐ. சார், மாசம் 2,000 தான்"னு கடையில சொன்னாங்க. உடனே கார்டை நீட்டிட்டேன்.

முதல் மழைக்காலம் தாங்குச்சு. இரண்டாவது மழைக்காலத்துல கால் பக்கம் தரையில காவிக் கறை. துடைச்சு விட்டோம். மூணாவது வருஷ வெயில்ல பின்னல் பொடிப்பொடியா உதிர ஆரம்பிச்சது. பின்னலைப் பிரிச்சுப் பார்த்தா உள்ளே பைப் முழுக்க துரு. கடைசியில பழைய இரும்புக் கடைக்குப் போட்டோம். 14 கிலோ, கிலோ 25 ரூபாய், ஆக 350 ரூபாய்.

சோஃபா போன இடத்துக்கு, தண்ணித் தொட்டி ஓரமா ஆறு வருஷமா வெயில்லயே கிடந்த பழைய பிளாஸ்டிக் சேர்களை இழுத்துப் போட்டோம். ஒரு நாள் சாயங்காலம் அப்பா மாடிக்கு வந்து உட்கார்ந்து, லேசா பின்னால சாஞ்சார். பின்னங்கால் இரண்டும் ஒரே நேரத்துல படக்னு முறிஞ்சது. கையை ஊன்றி விழுந்ததுல மணிக்கட்டு எலும்பு முறிவு.

எக்ஸ்ரே, மாவுக்கட்டு, டாக்டர் ஃபீஸ், பிசியோதெரபி எல்லாம் சேர்த்து 14,300 ரூபாய். மருத்துவமனையில அட்மிட் ஆகாததால ஹெல்த் பாலிசியில ஒரு ரூபாய் கூட கிடைக்கல. அந்த சேர் ஒன்று 650 ரூபாய். அதாவது அந்தப் பணத்துக்கு 22 புது சேர் வாங்கியிருக்கலாம். பணத்தை விடுங்க, அப்பா ஆறு வாரம் ஒரு கையால சாப்பிட்டதைப் பார்த்தப்பதான் எனக்கு உறைச்சது. "நல்லாதானே இருந்துச்சு சேரு"ன்னு அவரே ஆறுதல் சொன்னார். அது நல்லா இல்லை. நான்தான் பார்க்கலை.

வெளியில் போடும் பொருளுக்கு இரண்டு எதிரிகள்

வீட்டுக்குள்ள இருக்கிற சேரை நாம உட்கார்ந்து தேய்க்கிறோம். வெளியில இருக்கிற சேரை நாம உட்காராதப்பவும் வெயிலும் தண்ணியும் தேய்க்குது. நம்ம ஊர்ல இது இரண்டுமே அதிகம். ஏப்ரல், மே மாசம் அக்னி வெயில். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடற்கரை ஊர்னா வருஷம் முழுக்க உப்புக் காத்து.

வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கோட உள்ளமைப்பையே கொஞ்சம் கொஞ்சமா அறுக்கும். தண்ணி இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், மரத்தை ஊறி உளுக்க வைக்கும். இரண்டும் மெதுவா நடக்கும், பெரும்பாலும் நம்ம கண்ணுக்குத் தெரியாத இடத்துல நடக்கும். பைப்புக்குள்ள, மெத்தைக்கு அடியில, காலோட அடிப்பாகத்துல. அதனால கடையில பளபளன்னு இருக்கிறதை வைச்சு முடிவு பண்ணவே முடியாது. எந்தப் பொருள்ல செஞ்சிருக்காங்கன்னு தெரிஞ்சாகணும்.

எந்தப் பொருள் எப்படி?

1. பிளாஸ்டிக் சேர்

நாம எல்லா விசேஷத்துலயும் பார்க்கிற ஒரே அச்சுல வார்த்த சேர் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். மழையால இதுக்கு ஒண்ணும் ஆகாது, வெயில்தான் எமன். வெயிலைத் தாங்கிறதுக்குன்னு சில ரசாயனங்களைத் தயாரிக்கும்போதே கலப்பாங்க. அது கலந்த சேர் கூடுதல் காலம் வரும், ஆனா அதுவும் நிரந்தரம் கிடையாது. வாங்கும்போது, "இது வெளியில போடுறதுக்கானதா? பில்லுல எழுதித் தருவீங்களா?"ன்னு கேளுங்க. ரொம்ப லேசா இருக்கிற சேரைத் தவிர்த்திடுங்க. முக்கியமா பின்னங்கால் சீட்டோட சேரும் வளைவு கெட்டியா இருக்கணும்.

2. இரும்பு

கனமா இருக்கும், காத்துல பறக்காது, உடைஞ்சா வெல்டிங் வைச்சுக்கலாம். பெயிண்ட் அல்லது பவுடர் கோட்டிங் மேல ஒரு கீறல் விழுந்தா போதும், அதுக்குக் கீழேயே துரு பரவும். பைப்பா இருந்தா, முனை மூடியிருக்கா, தண்ணி வெளியேற அடியில சின்ன ஓட்டை இருக்கான்னு பாருங்க. எங்க சோஃபாவுல முனையும் மூடலை, ஓட்டையும் இல்லை. பின்னல் வழியா இறங்கின தண்ணி உள்ளேயே தங்கி, உள்ளேயிருந்து அரிச்சிடுச்சு.

3. அலுமினியம்

காத்து பட்டதும் அலுமினியம் மேல தானாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகும். அதுதான் அதோட கவசம். இரும்பு மாதிரி துருப்பிடிக்காது. ஆனா கடலோரத்துல உப்பு படிஞ்சா சின்னச் சின்னக் குழி விழும். எடை குறைவு என்பது வசதியும்தான், புயல் நேரத்துல தொல்லையும்தான்.

கடைக்குப் போகும்போது ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கிற ஒரு காந்தத்தை எடுத்துட்டுப் போங்க. "அலுமினியம் ஃப்ரேம் சார்"னு சொல்றதுல காந்தம் ஒட்டினா அது இரும்பு. இந்த அஞ்சு பைசா செலவில்லாத சோதனையை 2021-ல நான் செஞ்சிருந்தா அந்த 24,000 தப்பிச்சிருக்கும்.

4. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்

இங்கே காந்த சோதனையை மட்டும் நம்பாதீங்க. 304, 316 கிரேடுகள்ல காந்தம் பெரிசா ஒட்டாது. ஆனா விலை குறைஞ்ச 202 கிரேடும் அப்படித்தான். அதனால காந்தம் ஒட்டலைன்னா நல்ல ஸ்டீல்னு அர்த்தம் இல்லை. கிரேடு நம்பரை பில்லுல எழுதி வாங்குங்க. 316-ல மாலிப்டினம் சேர்ந்திருக்கிறதால உப்புக் காத்தை 304-ஐ விட நல்லா தாங்கும். கடலோர வீட்டுக்கு அதைக் கேளுங்க.

5. மரம்

தேக்குக்கு வெளிப்புறத்துல ஏன் இவ்வளவு மரியாதை? அதுல இயற்கையாவே இருக்கிற எண்ணெய்ச் சத்து தண்ணியையும் கரையானையும் தள்ளி வைக்குது. ஆனா இந்தக் குணம் நடுவுல இருக்கிற வைரத்துக்குத்தான். வெளுத்த ஓரப்பகுதிக்கு இது கிடையாது. நாற்காலியில வெளுப்பும் பழுப்புமா கலந்து இருந்தா, வெளுத்த இடம் முதல்ல போகும். ரப்பர் மரம், மாமரம், பார்ட்டிக்கிள் போர்டு, எம்.டி.எஃப். இதெல்லாம் மழை படுற இடத்துக்கு வேண்டவே வேண்டாம்.

புதுத் தேக்கு விலைக்குப் பயமா இருந்தா, இடிச்ச வீட்டுப் பழைய மரம் விக்கிற கடைகளைப் பாருங்க. பல வருஷம் காய்ஞ்ச மரம்ங்கிறதால வளையாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல செட்டிநாட்டு வீட்டுப் பழைய சாமான்கள் விக்கிற கடைகள் வரிசையா இருக்கு. அந்த அளவுக்குப் போக வேண்டாம்னா, உங்க ஊர் ஆசாரியையே கூட்டிட்டுப் போய் பழைய மரக்கடையில கட்டை பார்த்து பெஞ்ச் செய்யச் சொல்லலாம். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூதான் போடணும்னு சொல்லிடுங்க. சாதா இரும்பு ஆணி அடிச்சா தேக்குல கருப்புக் கறை இறங்கும்.

6. பிரம்பும், பிரம்பு மாதிரியும்

அசல் பிரம்பு தாழ்வாரத்துக்கு, திண்ணைக்கு அருமையான பொருள். சீர்காழி, சிதம்பரம் பக்கம் போனா தைக்கால்ல சாலை ஓரமா வரிசையா பிரம்பு ஊஞ்சல், நாற்காலி தொங்குறதைப் பார்த்திருப்பீங்க. ஆனா அது மழையில நனையிற பொருள் இல்லை.

'பிரம்பு மாதிரி' இருக்கிற செயற்கைப் பின்னல்ல இரண்டு வகை அதிகம் கிடைக்குது: பி.வி.சி., ஹெச்.டி.பி.இ. பி.வி.சி. வெயில்ல சீக்கிரம் வெடிக்கும். வெளியில போட ஹெச்.டி.பி.இ. பின்னலும், உள்ளே அலுமினிய ஃப்ரேமும் இருக்கிறதா பாருங்க. இரண்டுல ஒண்ணு தப்பினாலும் மொத்த செட்டும் போயிடும்.

7. கல் பெஞ்ச்

கிரானைட் பலகைக்கு வெயிலும் மழையும் ஒரு பொருட்டே இல்லை. ஆனா வேப்ப மரத்தடி மாதிரி நிழல்ல போடுங்க, இல்லைன்னா மதியம் உட்கார முடியாது. இன்னொரு முக்கியமான விஷயம் எடை. 6 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அங்குல கனம் உள்ள ஒரு பலகையே சுமார் 110 கிலோ வரும். நடமாட்டம் உள்ள மொட்டை மாடிக்கு இந்தியக் கட்டட விதிகள் எடுத்துக்கிற பயன்பாட்டுச் சுமை ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. பலகை, கால், மேலே மூணு பேர்னு கூட்டிப் பாருங்க. அதனால கல் பெஞ்ச் தரைத் தோட்டத்துக்கு மட்டும். மாடியில போட்டே ஆகணும்னா இன்ஜினியர்கிட்ட கேட்காம போடாதீங்க.

இப்போ கணக்குக்கு வருவோம்

எந்தக் கடையிலும் உங்களுக்கு விலைதான் சொல்வாங்க. நீங்க கண்டுபிடிக்க வேண்டியது வருஷச் செலவு. சூத்திரம் சுலபம்தான்:

வருஷச் செலவு = (வாங்கின விலை + மொத்தப் பராமரிப்புச் செலவு − கடைசியில் விற்றால் கிடைக்கும் பணம்) ÷ உழைத்த வருஷங்கள்

முதல்ல என்னோட சோஃபாவையே இதுல போடுவோம். 'நோ காஸ்ட்'னு சொன்னாலும் புராசஸிங் ஃபீயும், வட்டிப் பகுதிக்கு பேங்க் போட்ட ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து கிட்டத்தட்ட 600 ரூபாய் கூடுதலா போச்சு. ஆக 24,600. அதுல பழைய இரும்புக் கடை கொடுத்த 350-ஐக் கழிச்சா 24,250. மூணு வருஷத்துக்கு வகுத்தா வருஷம் சுமார் 8,083 ரூபாய்!

இன்னும் ஒரு படி போங்க. வெயில் காலத்துல உட்கார முடியாது, மழைக் காலத்துல உட்கார முடியாது, மிச்ச நாள்ல ஞாயிற்றுக்கிழமை மட்டும். வருஷத்துக்கு 25 தடவை உட்கார்ந்திருந்தா அதிகம். ஒரு தடவை உட்கார 323 ரூபாய். அந்தக் காசுக்கு ஒவ்வொரு தடவையும் குடும்பத்தோட ஹோட்டல்ல போய் ஃபில்டர் காபி குடிச்சிருக்கலாம்.

இப்போ மத்ததை ஒப்பிடுவோம். கீழே இருக்கிற விலையும் ஆயுளும் நான் எங்க ஊர்க் கடைகள்ல விசாரிச்சதையும் வீட்டு அனுபவத்தையும் வைச்சுப் போட்ட உதாரணம். உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே மாத்திக்கோங்க.

- பிளாஸ்டிக் சேர் 4, வெயில்லயே கிடந்தா: 3,200 ரூபாய், 3 வருஷம். வருஷத்துக்கு சுமார் 1,067.
- அதே 4 சேர், நிழல்ல அடுக்கி வைச்சா: 3,200 ரூபாய், 7 வருஷம். வருஷத்துக்கு சுமார் 457.
- இரும்பு பெஞ்ச், பெயிண்டே அடிக்கலைன்னா: 9,000 ரூபாய், 4 வருஷம், பழைய இரும்பு 600. வருஷத்துக்கு 2,100.
- அதே பெஞ்ச், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 1,000 ரூபாய்க்குப் பெயிண்ட் அடிச்சா: 10 வருஷத்துல நாலு தடவை. 9,000 + 4,000 − 600 = 12,400. வருஷத்துக்கு 1,240.
- பழைய தேக்கு மரத்துல செஞ்ச பெஞ்ச்: 18,000 ரூபாய், வருஷம் 300 பராமரிப்பு, 20 வருஷம் கழிச்சு 6,000-க்கு வித்தா: வருஷத்துக்கு 900.
- தரையில கிரானைட் பெஞ்ச்: பொருத்துற கூலியோட 10,000 ரூபாய், 30 வருஷம். வருஷத்துக்கு சுமார் 333.
- அலுமினியம் சோஃபா செட்: 30,000 ரூபாய், 12 வருஷம், நடுவுல மூணு தடவை மெத்தை மாத்த 9,000, கடைசியில பழைய அலுமினியம் 1,500. வருஷத்துக்கு 3,125.

இதுல இரண்டு விஷயத்தைக் கவனிங்க. ஒரே பிளாஸ்டிக் சேர், நிழல்ல வைச்சா பாதிக்கும் குறைவான செலவு. ஒரே இரும்பு பெஞ்ச், பெயிண்ட் அடிச்சா வருஷத்துக்கு 860 ரூபாய் மிச்சம். பொருளை மாத்தவே இல்லை, பழக்கத்தை மட்டும் மாத்தினோம்.

"அப்போ தேக்குதான் லாபமா?" கொஞ்சம் இருங்க!

நிறைய பேர் இந்தக் கணக்கோட நிறுத்திடுவாங்க. ஒரு விஷயம் பாக்கி இருக்கு. 18,000 ரூபாயை பெஞ்ச்ல போட்டா, அந்தப் பணம் முடங்கிடுது. அதையே 7% வட்டி தர்ற டெபாசிட்ல போட்டிருந்தா வருஷத்துக்கு 1,260 ரூபாய் வந்திருக்கும். அதையும் செலவுல சேர்த்தா தேக்கு பெஞ்ச் தோராயமா 2,160 ஆயிடுது. கிரானைட் 333 + 700 = 1,033. பராமரிச்ச இரும்பு 1,240 + 630 = 1,870. நிழல்ல வைச்ச பிளாஸ்டிக் 457 + 224 = 681 மட்டும்தான்.

ஆமாங்க. அப்பாவை விழ வைச்ச அதே பிளாஸ்டிக் சேர்தான் கணக்குல ஜெயிக்குது. நான் விலை குறைஞ்ச பொருளை வாங்கினது தப்பு இல்லை. அதை வெயில்ல போட்டதும், அதோட காலம் முடிஞ்ச பிறகும் "இன்னும் இருக்கே"ன்னு வைச்சிருந்ததும்தான் தப்பு. சிக்கனம்னு நினைச்சு நாம பல வீட்ல செய்யறது இதுதான்.

தேக்கு பெஞ்ச் வாங்காதீங்கன்னு சொல்லலை. தினமும் காலையில பேப்பரோட உட்காருவீங்க, பேரப்பிள்ளைங்க வரைக்கும் இருக்கணும்னு ஆசைன்னா தாராளமா வாங்குங்க. ஆசைக்கு வாங்குறதை ஆசைக்குன்னு சொல்லி வாங்கணும், சேமிப்புன்னு சொல்லி நம்மளையே ஏமாத்திக்கக் கூடாது. அவ்வளவுதான்.

இ.எம்.ஐ.யில் வாங்கலாமா?

என் பதில்: வேண்டாம். இந்த 'ஜீரோ வட்டி' விஷயத்துல ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பர்ல வங்கிகளுக்கு அனுப்பின சுற்றறிக்கையில, வட்டியே இல்லாத கடன் என்கிற ஒண்ணு கிடையாதுன்னு தெளிவா சொல்லியிருக்கு. வட்டி எங்கேயோ ஒரு இடத்துல ஒளிஞ்சிருக்கும். ரொக்கத்துக்குக் கிடைக்க வேண்டிய தள்ளுபடி நமக்குக் கிடைக்காம போகும். எனக்கு 1,500 ரூபாய் தள்ளுபடி அப்படித்தான் போச்சு.

அதுக்குப் பதிலா ஜனவரியில ஆர்.டி. ஆரம்பிங்க. 18,000 ரூபாய் பெஞ்ச்னா மாசம் 1,500. அடுத்த ஜனவரியில பணம் கையில இருக்கும், மழையும் முடிஞ்சிருக்கும். அதை விட முக்கியம், இந்த 12 மாசத்துல எத்தனை நாள் நீங்க மாடிக்குப் போனீங்கன்னு ஒரு காலண்டர்ல டிக் பண்ணுங்க. 20 டிக் கூட இல்லைன்னா, இரண்டு மடக்கு சேர் போதும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

பராமரிப்பு: வருஷத்துக்கு மூன்று நாள்

ஜனவரி (மழை முடிந்ததும்): எல்லாத்தையும் கழுவுற நாள். ஒரு பக்கெட் தண்ணியில ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவுற லிக்விட், மென்மையான பிரஷ், அவ்வளவு போதும். பிளீச்சிங் பவுடர், ஆசிட் எதுவும் அலுமினியத்துலயும் மரத்துலயும் வேண்டாம். பைக் கழுவுற பிரஷர் வாஷரை மரத்து மேல அடிச்சா நார் எழும்பிடும். உங்க போர் தண்ணி உப்பா இருந்தா, கழுவினதும் துணியால துடைச்சிடுங்க, இல்லைன்னா வெள்ளைத் திட்டு படியும்.

ஏப்ரல் (வெயிலுக்கு முன்): பிளாஸ்டிக்கையும் மெத்தையையும் நிழலுக்கு மாத்துற நாள். தேக்கு வெயில்ல சாம்பல் நிறமா மாறினா பயப்படாதீங்க. மேல்தோல் நிறம் மட்டும்தான் மாறுது, மரம் கெடலை. பழைய நிறம் வேணும்னா லேசா உப்புத்தாள் தேய்ச்சு எண்ணெய் பூசலாம். அது அழகுக்குத்தான், கட்டாயம் இல்லை. ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் கலந்த பாலிஷ் துடைச்ச துணியைக் கசக்கி மூலையில போடாதீங்க. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. விரிச்சுக் காய வைச்ச பிறகு போடுங்க.

செப்டம்பர் (மழைக்கு முன்): இரும்பைப் பார்க்கிற நாள். துரு தெரியிற இடத்தை உப்புத்தாள் போட்டு பளபளன்னு உலோகம் தெரியிற வரை தேய்ங்க. ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், காய்ஞ்சதும் எனாமல் பெயிண்ட் இரண்டு கோட். துரு மேலேயே பெயிண்ட் அடிச்சா உள்ளே அது பாட்டுக்கு அரிச்சிட்டே இருக்கும். கால் ரப்பர் புஷ் தேய்ஞ்சிருந்தா மாத்திடுங்க. மரக்கால் மண்ணுல நேரா படக் கூடாது, கீழே ஒரு கல் வைங்க. தண்ணியை உறிஞ்சுறதும் கரையான் ஏறுறதும் அந்த அடிப்பாகத்துலதான்.

மழைக்காலத்துல தார்ப்பாய் போட்டு மூடுறவங்க தரை வரைக்கும் இறுக்கிக் கட்டாதீங்க. காத்து போக அடியில இடம் விடணும், இல்லைன்னா உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். தார்ப்பாய் மடிப்புல, கவுத்து வைச்ச சேர் குழியில தண்ணி தேங்குதான்னும் பாருங்க. டெங்கு கொசுவுக்கு அந்தக் கொஞ்சம் நல்ல தண்ணியே தாராளம். கடலோரத்துல இருக்கிறவங்க மாசம் ஒரு தடவை நல்ல தண்ணியால உப்பைக் கழுவி விடுங்க.

புயல் எச்சரிக்கை வந்தா, லேசான எதுவுமே மாடியில இருக்கக் கூடாது. 2016 டிசம்பர் 12-ல வர்தா சென்னையைக் கடந்தப்போ மாடியில என்னென்ன பறந்துச்சுன்னு அங்கே இருந்தவங்களைக் கேளுங்க. உங்க சேர் பறந்து போய் அடுத்த வீட்டு கார் கண்ணாடி உடைஞ்சா, அது சேரோட விலையில முடியாது. உள்ளே கொண்டு போங்க, முடியலைன்னா கவுத்துப் போட்டு கயிறால கைப்பிடிச் சுவர்ல கட்டுங்க.

எப்போது தூக்கிப் போடணும்?

இந்தப் பகுதியை மட்டும் வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டுங்க. பிளாஸ்டிக் சேர்ல கீழே இருக்கிற மூணுல ஒண்ணு தெரிஞ்சாலும் அதுல யாரையும் உட்கார வைக்காதீங்க.

1. உள்ளங்கையால தேய்ச்சா வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி பொடி ஒட்டுது. மேல்பரப்பு செத்துப் போச்சுன்னு அர்த்தம்.
2. பின்னங்கால் வளைவுல, கைப்பிடி மூட்டுல மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடு இருக்கு.
3. சாய்மானத்தை மெதுவா அழுத்தினா வளைஞ்சு திரும்பாம கிரீச்னு சத்தம் கொடுக்குது.

இரும்புன்னா, மூட்டுல ஸ்க்ரூ டிரைவர் முனையால அழுத்திப் பாருங்க, உள்ளே இறங்கினா முடிஞ்சது. ஊஞ்சல்னா கொக்கி, சங்கிலி, உத்திரத்து வளையம் மூணையும் செப்டம்பர்ல ஒரு தடவை பார்க்காம குழந்தைகளை ஏத்தாதீங்க.

தூக்கிப் போடுறதுன்னா தெருவுல போடுறது இல்லை. வாட்ச்மேனுக்கோ, வீட்டு வேலை செய்யிற அக்காவுக்கோ கொடுக்கிறதும் இல்லை. நமக்கு ஆபத்துன்னா அவங்களுக்கும் ஆபத்துதான். பழைய சாமான் கடைக்குப் போட்டுடுங்க.

யாருக்கு எது?

- வாடகை வீடு: மடக்கு சேர் இரண்டு அல்லது நிழல்ல அடுக்கி வைக்கிற பிளாஸ்டிக் சேர். வீடு மாறும்போது வண்டி வாடகையும் குறையும்.
- சொந்த வீடு, தரைத் தோட்டம்: மரத்தடியில கல் பெஞ்ச். ஒரு தடவை செலவு, அப்புறம் மறந்திடலாம்.
- சொந்த வீடு, மொட்டை மாடி: கூரை போட்டிருந்தா இரும்பு அல்லது மரம். கூரை இல்லைன்னா முதல்ல சேருக்குப் பதிலா நிழலுக்குச் செலவு பண்ணுங்க.
- கடலோர வீடு: இரும்பைத் தவிருங்க. நல்ல தேக்கு, 316 ஸ்டீல், பவுடர் கோட்டிங் உள்ள அலுமினியம், கல்.
- பெரியவங்க இருக்கிற வீடு: கைப்பிடி உள்ள, உயரமான, கனமான சேர். தாழ்வான சோஃபாவுல இருந்து எழுந்திருக்க அவங்களுக்கு முடியாது.

இப்போ எங்க மாடியில என்ன இருக்குன்னு கேட்கிறீங்களா? படிக்கட்டு அறைக்குள்ள அடுக்கி வைச்ச நாலு பிளாஸ்டிக் சேர். உட்காரும்போது வெளியே எடுப்போம், எழுந்ததும் உள்ளே போயிடும். ஒவ்வொரு சேருக்கும் அடியில மார்க்கர் பேனாவால வாங்கின மாசமும் வருஷமும் எழுதியிருக்கேன். அப்பா உட்காருறதுக்கு முன்னாடி சேரைக் கவுத்து அந்தத் தேதியைப் பார்த்துட்டுத்தான் உட்காருவார். "எக்ஸ்பயரி ஆகலையே?"ன்னு என்னைக் கிண்டல் பண்ணிட்டே.

இன்னைக்கு சாயங்காலம் உங்க மாடிக்கோ வாசலுக்கோ போய், அங்கே இருக்கிற ஒவ்வொரு சேரையும் உள்ளங்கையால ஒரு தடவை தேய்ச்சுப் பாருங்க. கையில என்ன ஒட்டுச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. உங்க வீட்டு சோஃபா அல்லது பெஞ்சோட வருஷச் செலவு எவ்வளவு வந்துச்சுன்னும் எழுதுங்க. பயனுள்ளதா இருந்தா, வயசானவங்க இருக்கிற வீட்டு நண்பர்களுக்குக் கண்டிப்பா பகிருங்க.